சீனியரின் மூன்று நம்பர்

"செத்துருச்சு சார்," என்றான் ஆப்பரேட்டர், பல்லிடுக்கில் திருகாணியைக் கடித்தபடி.

செத்தது அடுப்பின் கன்ட்ரோல் பெட்டிக்குள் இருந்த சட்டைப் பொத்தான் சைஸ் பேட்டரி. அது போனதும், அடுப்பை ஓட்டுகிற குட்டிக் கம்ப்யூட்டருக்குத் தன் வயிற்றில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதே மறந்து போயிற்று. எத்தனை முறை ஆன் செய்தாலும் 'டிஸ்க் இல்லை' என்று திரையில் அதே பல்லவி.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வேற பேட்டரி போட வேண்டியதுதானே?"

"போட்டாச்சு சார். ஆனா மறந்தது மறந்ததுதான். கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப வர்ற பயாஸ் செட்டிங்ல போய், டிஸ்க்கோட அளவைச் சொல்ற மூணு நம்பரை நாமதான் அடிக்கணும். அது சீனியருக்குத்தான் தெரியும்."

மேனேஜர் கதவிடுக்கில் ஹாலைப் பார்த்தார். சீனியரை வழியனுப்ப ஊரே திரண்டிருந்தது. பூ என்ன, மாலை என்ன, எல்லாம் தடபுடல்.

"அவர்கிட்ட இனிமே என்னத்தக் கேக்குறது," என்று முனகினார்.

"வேலையில இருந்தப்பவே சொல்லலையே சார்."

உண்மைதான். முன்பெல்லாம் இந்தப் பேட்டரி மக்கர் பண்ணினால் சீனியர் எல்லாரையும் வெளியே விரட்டிவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அரை மணி நேரம் கழித்து, பிரசவம் பார்த்தவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வருவார். "ஒரு நம்பர் தப்பினா டிஸ்க் காலி, அடுப்பு காலி, நீயும் காலி. நான் இல்லாம இந்த அடுப்பு எரியட்டும், பாக்கலாம்" என்று மீசையை முறுக்குவார்.

டிஸ்க் மேல் ஒட்டியிருந்த லேபிளைக்கூட பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார், பாவி மனுஷன். அந்த மூன்று நம்பர் புண்ணியத்தில், வயது தாண்டியும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆப்பரேட்டர் டெம்பரரியாகவே நரைத்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக நேற்றுதான் அந்த நாற்காலி காலியாயிற்று.

"இதோ பாருப்பா," என்றார் மேனேஜர். "பதினோரு மணிக்கு புக்கிங். அதுக்குள்ள அடுப்பு எண்ணூறு டிகிரி ஏறியாகணும். ஏத்திட்டா சீனியர் இடம் உனக்கு, பர்மனென்ட். இல்லேன்னா கம்பெனி ஆளைக் கூப்பிட்டு அவனையே உக்கார வச்சுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

'இந்த வருஷம் பர்மனென்ட்' என்று ஆப்பரேட்டர் வீட்டில் சொல்லிச் சொல்லி, மனைவி இப்போதெல்லாம் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்வதில்லை.

வேறு வழியில்லாமல் ஹாலுக்குப் போனான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சீனியரின் மனைவி பக்கத்தில் குனிந்தான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் எப்பவாவது மூணு நம்பர் சொல்லியிருக்காரா? தூக்கத்துல உளறியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நம்பரா? அந்த மனுஷனுக்கா? என் போன் நம்பரே அவருக்கு மனசுல நிக்காது தம்பி. வீட்டுக் கதவு நம்பரைக் கேட்டாக்கூட வெளியே போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்லுவாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் சீக்கிரம் பாருப்பா. எல்லாரும் பசியோட இருக்காங்க."

தலையாட்டிவிட்டு நடந்தவன் பாதி வழியில் நின்றுவிட்டான். கட்டின பெண்டாட்டி நம்பரே நிற்காத மண்டையில், டிஸ்க் நம்பர் மட்டும் எப்படி நின்றது?

ஓட்டமாக ஓடிவந்து திரை முன்னால் உட்கார்ந்தான். நம்பர் எதையும் அடிக்கவில்லை. டிஸ்க் என்ற வரியில் நின்று, அங்கே என்னதான் இருக்கிறது என்று பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தான். முதலில் 'இல்லை' என்று வந்தது. அடுத்து, நம்பரை நீயே அடி என்றது. மூன்றாவதாக ஒரே ஒரு சொல் வந்தது: 'ஆட்டோ'.

வருவது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு என்டரைத் தட்டினான்.

கம்ப்யூட்டர் தன் வயிற்றைத் தானே தடவிப் பார்த்தது. டிஸ்க்கைக் கண்டுபிடித்தது. மூன்று நம்பரையும் அதுவே வரிசையாக நிரப்பிவிட்டு, வேறென்ன வேண்டும் என்பதுபோல் நின்றது.

"என்னப்பா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல சார். அதுவே பண்ணிக்குச்சு."

மேனேஜர் திரையை உற்றுப் பார்த்தார். "அப்ப அரை மணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அந்த ஆள் உள்ள என்ன பண்ணினாரு?"

"தூங்கியிருப்பாரு சார்."

ஆப்பரேட்டருக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த ஒரு தட்டுக்காகவா இத்தனை வருஷம் கைகட்டி நின்றோம் என்று நெஞ்சு எரிந்தது. நேரே ஹாலுக்குப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட நினைத்தான். அப்புறம், போகட்டும் என்று விட்டுவிட்டான். செட்டிங்கை சேவ் பண்ணி, கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு உறுமிக்கொண்டு பற்றியது. முள் மெல்ல ஏறி எண்ணூறைத் தொட்டது. மேனேஜர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, காலி நாற்காலியைக் காட்டினார். ஆப்பரேட்டர் அதில் உட்கார்ந்து ஆசை தீர ஒரு சுற்றுச் சுற்றினான்.

பிறகு எழுந்துபோய், ஹால் கதவை விரியத் திறந்து, தள்ளுவண்டி அருகே நின்றவர்களிடம் சொன்னான்:

"அடுப்பு ரெடிங்க. சீனியரை உள்ள தள்ளுங்க."