கொட்டகைச் சட்டை

"யாரு அவ?"

கேட்டுவிட்டுச் சட்டையைக் கணவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள் பண்ணைக்காரி. வாயில் வைத்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தார் அவர்.

"எவ?"

"மோந்து பாருங்க. சென்ட்! நம்ம வீட்டுல எந்த மகாராணி சென்ட் போடுறா? காலர்ல முடி வேற, முழ நீளத்துக்கு."

அவர் மோந்து பார்த்தார். "எனக்கு மாட்டு வாடைதான் அடிக்குது."

"உங்களுக்கு அப்படித்தான் அடிக்கும்."

"அடியே, குனிஞ்சா நிமிர முடியல, நிமிர்ந்தா குனிய முடியல. இந்த லட்சணத்துல என்னை எவடி சீந்துவா?"

"அத அவகிட்டத்தான் கேக்கணும்!"

அது அவருடைய பழைய முழுக்கைச் சட்டைதான். ஆனால் எப்போதோ கன்றுகளின் சொத்தாகிவிட்டது. தாயைப் பிரிந்து வரும் கன்றுகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து ஆளாக்கிவிடும் சின்னப் பண்ணை அது. துவைக்காத அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றால்தான் கன்றுகள் ரப்பர் காம்பில் வாய் வைக்கும். இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இந்தச் சூட்சுமம் அவளுக்கும் மகளுக்கும்தான் தெரியும். அவரோ, புட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடக் கற்றுக்கொள்ளாத மனிதர். கொட்டகை ஆணியில் தொங்கும் சட்டையை அவர் எடுத்து எவளுக்குப் போர்த்திவிட்டார்? அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

அவர் முன்பே ஒரு தடவை முதுகில் குத்தியவர்தான். அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இரண்டு கன்றுகளை விற்றுவிட்டு, "நல்ல விலைக்குக் கேட்டாங்க" என்று பல்லைக் காட்டியவர். அன்றைக்கே வீடு, கொட்டகை, கன்று என்று எல்லாவற்றையும் மகள் பேருக்கு மாற்றிய பிறகுதான் அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். சட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா?"

அவ்வளவுதான். பெரியவருக்கு முகம் செத்துப்போனது. "நீயுமா?" என்றார். ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாசல் வரை போய் ஒரு நொடி நின்றார். போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"நல்ல காலம், எல்லாத்தையும் உன் பேருல எழுதினேன்" என்று மூக்கைச் சிந்தினாள் தாய். "இல்லேன்னா இந்தக் கன்னுங்களையும் அவ காலடியில கொண்டுபோய்க் கொட்டியிருப்பாரு. இதுங்கள விட்டா எனக்கு வேற என்னடி இருக்கு?"

"அழாதம்மா. நான் இருக்கேன்ல?" மகள் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்று மாலை 'அவசரம்'கூடப் பாதிப் புட்டியை மிச்சம் வைத்தது. பால் என்றால் ஆளையே முட்டித் தள்ளும் கன்று. அதனால்தான் அந்தப் பெயர். காய்ச்சலோ என்று பண்ணைக்காரி தடவிப் பார்த்தாள். உடம்பு சுடவில்லை, வயிறு மட்டும் பூசணிக்காய் மாதிரி உருண்டிருந்தது.

"பெரியவர் போயிட்டார்னு உனக்கும் ஏக்கமாடா? போ, நீயும் அவர் கட்சி."

மறுநாள் மதியம் வழக்கம்போல் சைக்கிளில் காலிக் கேனைக் கட்டிக்கொண்டு, கன்றுகளுக்குப் பால் வாங்கிவரப் பால் டிப்போவுக்குக் கிளம்பினாள். "மெதுவா வாம்மா, கன்னுங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

பாதி வழியில் டயர் பஞ்சர். சபித்துக்கொண்டே வண்டியைத் தள்ளித் திரும்பியவளுக்குக் கொட்டகை வாசலிலேயே சென்ட் வாசனை அடித்தது.

பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். நீளப் பின்னல் போட்ட ஒருத்தி அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் கையில் புட்டி, புட்டியில் அவசரம். வாலைச் சுழற்றிக்கொண்டு, நுரை ஒழுக ஒழுக, பெற்ற தாயிடம் குடிப்பது மாதிரி குடித்துக்கொண்டிருந்தது.

"ஏய்! யாருடி நீ?"

வந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயோ, பயந்தே போயிட்டேங்க! ஒண்ணுமில்லம்மா, கன்னுங்களுக்கு என் கை பழகட்டுமேன்னுதான் தினம் வந்துட்டுப் போறேன். அடுத்த மாசம் இங்கேயே குடி வந்துருவோம்ல?"

"குடியா? என் வீட்டுக்கா?" சைக்கிள் தடாலென்று சாய்ந்தது. "நான் உசுரோட இருக்கும்போதே உன்னைக் கூட்டிட்டு வந்து வச்சுக்கப் போறாராமா? எத்தனை நாளாடி அவரோட பழக்கம்?"

"எவரோட?"

"நடிக்காத! என் புருஷனோட!"

அவள் புட்டியைக் கீழே இறக்கினாள். குழப்பத்தோடு இந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர நான் பார்த்ததுகூட இல்லீங்க. பண்ணைய எங்களுக்கு வித்தது உங்க பொண்ணு."