ஒருபக்கத் தாள்

"நக்கோ" என்றாள் நக்கோ மேடம்.

எழுத ஒரு வெள்ளைத்தாள் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் ஹிந்தியில் உள்ள அந்தச் சொல்லை, கிடையாது, முடியாது, போய்த் தொலை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினாள் விடுதி அலுவலகத்தின் அந்தக் கிளார்க். ஃபேன் ஓடவில்லையா? நக்கோ. ஒருநாள் முன்னதாக ஊருக்குப் போக வேண்டுமா? நக்கோ. மூன்று வருடமாக மாணவிகள் யாரும் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை.

பிரிண்டர் பக்கத்தில் கிடந்த கழிவுத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி, அச்சான பக்கம் கீழே இருக்கும்படி சாஹித்யாவின் முன்னால் விட்டெறிந்தாள்.

"இஸ்பே லிக்கோ." இதிலேயே எழுது என்று அர்த்தம்.

அதிகாரிகளுக்குப் புதுத்தாள். மாணவிகளுக்கு ஒருபக்கம் அச்சான தாள். சாஹித்யா பல்லைக் கடித்துக்கொண்டு, தொடங்கவிருந்த விடுதிக் குழுக் கூட்டத்தின் பொருள்களுக்கு வெற்றுப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒன்பது பெண்களை விடுதியிலிருந்து நீக்குவது.

அவர்கள் செய்த குற்றம், குழாயில் வந்த துருத்தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துப் பதிவாளர் அறை வாசலில் வரிசையாக வைத்தது. கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. பாட்டில்தான் வைத்தார்கள். நிர்வாகம் அதற்கு முற்றுகை என்று பெயர் வைத்தது.

ஒன்பது பேரில் ஒருத்தி, சாஹித்யாவின் அறைத்தோழி ஸ்ரேயா. விடுதியில் இடம் கிடைத்ததால்தான் வீட்டார் அவளைப் படிக்கவே அனுப்பினார்கள். பெட்டியோடு திரும்பிப் போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்தான்.

ஆனால் விதி ஒன்று இருந்தது. மாணவிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி கூட்டத்தில் இருந்தால், அவள் கையெழுத்து இல்லாமல் யாரையும் நீக்க முடியாது. அந்தப் பிரதிநிதி சாஹித்யா. கையே போனாலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஸ்ரேயாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அதே அலுவலகத்தின் மேசையைச் சுற்றித் தலைமை வார்டன் ஜம்புநாதன், இரண்டு பேராசிரியர்கள், ஒரு இன்ஜினியர். ஜம்புநாதனைத் தவிர மற்ற மூவருக்கும் தமிழ் தெரியாது. முதல் இரண்டு பொருளும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பத்து நிமிடத்தில் முடிந்துபோயின.

மூன்றாவதுக்கு வந்ததும் ஜம்புநாதன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கிறவரைப் போலச் சிரித்தார். தமிழில் பேசினார்.

"மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல சாக்கடைத் தண்ணியக் குடிச்சு வளர்ந்ததுக்கு, இங்க வந்ததும் ஃபில்டர் தண்ணி கேக்குதோ? தண்டவாளத்துல பீ அள்ளுறவன் பொண்ணுதானே நீ?"

அவளுடைய அப்பா ரயில்வே கேங்மேன். வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தோடு நடக்கிற மனிதர். அவரைத்தான் சொன்னார் இந்த ஆள், சிரித்துக்கொண்டே.

சாஹித்யாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்று தெலுங்கில் கத்தினாள். என்ன கத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மற்ற மூவரும் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்கள். மனுஷன் அன்பாக ஏதோ கேட்டார், இந்தப் பெண்ணுக்கு ஏன் இப்படிப் பேய் பிடித்தது என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அவர் சொன்னதை மொழிபெயர்த்துச் சொல்லலாம்தான். அப்பாவைப் பற்றிய அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல நாக்கு வரவில்லை.

பையை எடுத்தாள். கதவை நோக்கி நடந்தாள். நாசமாய்ப் போகட்டும் இந்தக் கூட்டம்.

"ஏ! கச்ரா கோன் உட்டாதா?"

நக்கோ மேடம்தான். மேசை மேல் கிடந்த அந்தத் தாளைக் காட்டி, உன் குப்பையை யார் எடுப்பார்கள் என்று கத்தினாள். இந்த நேரத்தில் குப்பை ஒரு கேடு.

சாஹித்யா திரும்பி வந்து தாளைப் பிடுங்கினாள். கசக்கி அவள் முகத்திலேயே எறியலாம் என்றுதான் கையை மடக்கினாள். அப்போது அச்சான பக்கம் மேலே வந்தது.

இன்றைய தேதி. இதே கூட்டத்தின் தீர்மானக் குறிப்பு.

'பொருள் மூன்று: மாணவிப் பிரதிநிதி உறுப்பினர்களைத் தகாத சொற்களால் ஏசிவிட்டு, 11.40 மணிக்குத் தாமாகவே வெளியேறினார். எஞ்சிய உறுப்பினர்கள் ஒருமனதாகக் கீழ்க்கண்ட ஒன்பது மாணவிகளை நீக்கத் தீர்மானித்தனர்.'

நான்காவது பெயர் ஸ்ரேயா.

அடியில் நான்கு கையெழுத்துகளுக்குக் கோடு போட்டிருந்தது. ஐந்தாவதுக்குக் கோடே இல்லை.

சாஹித்யா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 11.25. வார்டனுக்கே அவள் மேல் இத்தனை நம்பிக்கை இருந்திருக்கவில்லை. கால்மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.

அப்பாவை நினைத்துக்கொண்டாள். விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, அதில் உட்கார்ந்தாள்.

"நான் எங்கயும் போகல சார்" என்றாள் தமிழில், அவரைப் போலவே சிரித்துக்கொண்டு.

ஜம்புநாதனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாஹித்யா எழுத இன்னொரு தாள் கேட்டாள்.

"நக்கோ" என்றாள் நக்கோ மேடம்.

பிறகு கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், மூன்று வருடத்தில் முதல்தடவையாகத் தமிழில் சொன்னாள்.

"அது ஒண்ணே போதும்டி."