குழந்தை இயேசுவின் முதுகு

குழந்தை இயேசுவின் முதுகைப் பார்த்ததும் ரோடெலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படத்தை அப்படியே நிறுத்தினான்.

திரையில் ஒரு பழைய மரக்கட்டில், கலைந்த போர்வை. பின்னால் மாடத்தில், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த சிலை. அதன் சிவப்பு வெல்வெட் அங்கியில் மஞ்சள் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டில் பாதி தேய்ந்துபோன ஓர் ஏழு.

அது அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து பனியன். அங்கியை எலி கடித்தபோது அம்மாதான் அதை வெட்டித் தைத்தாள். முதுகுப் பக்கம் என்பதால் கும்பிட வருகிற யாருக்கும் தெரியாது. வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் இப்போது ஆள் என்று இருப்பது, லுக்பான் ஊரில் தன்னந்தனியாக இருக்கும் அம்மா ஃபெலிசா ஒருத்திதான்.

அட கடவுளே, இது அம்மாவின் கட்டில்.

சுவருக்கு நீலம் அடித்து, திரைச்சீலை மாற்றி, விளக்கை மங்க வைத்திருந்தார்கள். பிறந்து வளர்ந்த வீடே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

ரோடெல் மணிலாவில் பேர்போன விமர்சகன். பேர் என்றால் புனைபெயர்தான். அதற்குள் ஒளிந்திருப்பவன் யாரென்று அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் செயலிகளில் வந்து விழும் படுக்கையறைப் படங்களைப் பார்த்துத் துவைத்துக் காயப்போடுவது அவன் பிழைப்பு. அவன் வாயில் விழுந்தவர்கள் லேசில் எழுந்ததில்லை.

பாராட்டியது அபூர்வம். அப்படிப் பாராட்டியதில் ஒன்று, போன வருஷம் ஒரு படத்தில் மங்கலாகத் தெரிந்த இதே சிலை. இந்த நாட்டைப் பார்க்கச் சகிக்காமல் தெய்வமே முகத்தைத் திருப்பிக்கொண்டது, எடுத்தவர் மேதை என்று எழுதித் தள்ளியிருந்தான். அதைப் படித்துவிட்டோ என்னவோ, அடுத்த படத்திலும் சிலை சுவரைப் பார்த்தது. இது மூன்றாவது படம். இதில் கேமரா கிட்டவே போய்விட்டது.

அம்மாவை எவனோ ஏமாற்றிவிட்டான்.

மாதா தேர் பவனியில் முன்வரிசையில் நடக்கிறவள். டி.வி.யில் முத்தம் வந்தாலே சிலுவை போட்டுக்கொள்கிறவள். தன் கட்டிலில் என்ன படம் எடுத்தார்கள் என்று தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள். உடனே போன் போட்டான்.

அம்மா எடுத்தாள். பின்னால் ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது.

திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். அவளோ பதறவேயில்லை. யாரும் ஏமாற்றவில்லை, தெரிந்துதான் வீட்டைக் கொடுத்தாளாம். பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியாயிற்றாம். சாமியார் வெகுநேரம் இருமினாராம். இன்றைக்கும் படப்பிடிப்புதான், வாழையிலையில் நூடுல்ஸ் வைத்துக் கொடுத்தால் படக்குழுப் பிள்ளைகள் கை படாமல் வாயாலேயே அள்ளிக்கொள்கிறார்களாம். எல்லாரும் அம்மா அம்மா என்று காலைச் சுற்றி வருகிறார்களாம். நீ கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சரி, சிலையை எதற்குத் திருப்பச் சொன்னார் டைரக்டர் என்று கேட்டான்.

"அவன் எங்கடா சொன்னான்? நான்தான் திருப்பினேன். ஜோவெல்னு ஒரு பொண்ணு, முதல் படத்துல நடிக்க வந்தவ, கட்டில்ல உக்காந்துக்கிட்டு மாடத்தையே பாத்து அழுதா. கொழந்தை பாக்குதும்மா, உடம்பெல்லாம் கூசுதுன்னா. அட பைத்தியமே, அவரு கொஞ்ச நேரம் செவுத்தப் பாத்துட்டு நிக்கட்டும்னு திருப்பி வச்சேன்."

நாடு, தெய்வம், மேதை. எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் செருப்பாகத் திரும்பி வந்து அவன் முகத்தில் விழுந்தது.

அம்மா கொல்லைப் பக்கம் நடந்திருக்க வேண்டும். சிரிப்புச் சத்தம் தேய்ந்தது. அவள் குரலும் இறங்கியது.

"நீ எழுதினத அவ இங்க உக்காந்துதான் படிச்சா. இவளுக்கு ஒடம்புதான் நடிக்குது, மூஞ்சி வெறும் மரக்கட்டைன்னு போட்டிருந்தியாமே. ரெண்டு நாளா சோறு எறங்கல அவளுக்கு. என் மடியில படுத்துக்கிட்டு, இத எழுதினது யாரு பெத்த புள்ளையோம்மான்னு கேட்டுக் கேட்டு அழுதா. நான் வாயே தெறக்கல."

அம்மா, என்றான்.

அதற்குள் அங்கே கதவு கிறீச்சிட்டது. இளம்பெண்ணின் குரல் ஒன்று செல்லமாகக் கேட்டது, போனில் யாரம்மா என்று.

"ராங் நம்பர், ஜோவெல்" என்றாள் அம்மா.

இணைப்பு அறுந்தது.