எடை மேடைக்குப் பயந்தவர்கள்

"நிறுத்து! நிறுத்துய்யா வண்டியை!"

அதிகாரி சாலையின் குறுக்கே போய் நின்றுவிட்டார். முன்னால் வந்த லாரி புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த லாரிகளும் வேறு வழியில்லாமல் நின்றன.

முதல் லாரியிலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் இறங்கினார்.

"வணக்கம் சார்."

"வணக்கம் இருக்கட்டும். அங்க ராஜபாட்டை மாதிரி ஹைவே கிடக்கு. அதை விட்டுட்டு இந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

"சும்மா... ஒரு மாறுதலுக்கு சார்."

"யாருக்குக் காது குத்தறே? ஹைவேல போனா எடை மேடை ஏறணும். ஏறினா குட்டு வெளிப்பட்டுடும். அதானே?"

"ஆமா சார்" என்றார் மீசைக்காரர் உடனே. "தப்புதான். அபராதம் போடுங்க, கட்டிட்டுப் போறோம். எடை மட்டும் போட வேண்டாம்."

மற்ற டிரைவர்களும் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள்.

இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்ட டிரைவர்களை அதிகாரி இதுவரை பார்த்ததில்லை. சத்தியம் செய்வார்கள், சண்டைக்கு வருவார்கள், மந்திரி பேரைச் சொல்வார்கள். இது புதுசாக இருந்தது.

"எடை போடாம எப்படிய்யா அபராதம் போடறது? ஏத்து வண்டியை!"

ஜீப்பில் கொண்டுவந்திருந்த எடைப் பலகைகளை ஆட்கள் ரோட்டில் போட்டார்கள். முதல் லாரி ஏறியது. அனுமதித்த எடைக்குக் குறைவாகவே காட்டியது.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கடைசி லாரியில் வெறும் காலி டிரம்கள்.

"மெஷின்ல கோளாறா?"

"இல்ல சார், காலையிலதான் சரி பார்த்தோம்" என்றார் உதவியாளர்.

அதிகாரி மீசைக்காரரிடம் திரும்பினார். "என்னய்யா இது? மடியில கனமே இல்ல, வழியில எதுக்குய்யா பயம்?"

"மெதுவாப் பேசுங்க சார்." மீசைக்காரர் சற்றுத் தள்ளியிருந்த சாப்பாட்டுக் கடையைப் பார்த்தார். தகரக் கூரை, வெளியே நீள பெஞ்சுகள், புகைபோக்கியில் புகை. "அக்கா காதுல விழுந்துடும்."

"எந்த அக்கா?"

"கடைக்கார அக்கா. அவங்க வீட்டுக்காரர் எங்களோட லாரி ஓட்டினவர் சார். அவர் ஒரு விபத்துல போனதும் நாங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு தொகை கொடுத்தோம். மறுநாளே டிப்போவுக்கு வந்து மேஜை மேல வச்சிட்டாங்க. 'உழைக்காத காசு என் வீட்டுல தங்காதுப்பா'ன்னுட்டாங்க. இந்தக் கடையை நம்பித்தான் இருக்காங்க. அப்புறம் ஹைவே வந்துச்சு. இந்தப் பக்கம் ஈ காக்கா கிடையாது."

"அதனால?"

"அதனால முறை வச்சுக்கிட்டு தினமும் சிலர் இப்படிச் சுத்திக்கிட்டு வந்து சாப்பிடறோம். கூடச் செலவாகற டீசல் எங்க கைக்காசு. ஒருநாள், 'நல்ல ரோட்டை விட்டுட்டு எதுக்குடா இதுல வர்றீங்க? எனக்காகவா?'ன்னு முறைச்சாங்க. ஆமான்னு சொன்னா அன்னிக்கே அடுப்பை அணைச்சிடுவாங்க சார். வாய்க்கு வந்தது, எடை மேடைக்குப் பயந்துதான்க்கான்னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க. சோத்தைப் போட்டுக்கிட்டே திட்டுவாங்க. நாங்களும் குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிட்டுட்டுப் போயிடுவோம்."

அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"யோவ், எனக்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்ததே அவங்கதான்யா!"

மீசைக்காரர் அப்படியே லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மேல கேஸ் போடுங்க சார். முதலாளிகிட்டச் சொல்லுங்க, லைசென்ஸை வேணும்னாலும் வாங்கி வச்சுக்குங்க. அவங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடாதீங்க."

அதற்குள் முந்தானையில் கையைத் துடைத்தபடி அந்த அம்மாளே வந்துவிட்டார். டிரைவர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

"பிடிச்சிட்டீங்களா சார்? நான்தான் போன் பண்ணினேன். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கலை. பாரம் கூட ஏத்தி, பிரேக் பிடிக்காமப் போய் எங்கேயாவது மோதினா இவனுங்க பொண்டாட்டி பிள்ளைங்க கதி என்ன? நான் பட்டது போதாதா?"

"நீங்க சொல்றது சரிதான்மா."

"பெரிய தண்டனையா எதுவும் கொடுத்துடாதீங்க. பிள்ளைகுட்டிக்காரங்க. பயமுறுத்தி ஹைவே பக்கம் திருப்பி விடுங்க, போதும்."

"திருப்பி விட்டா உங்க வியாபாரம்?"

அந்த அம்மாள் கடையைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் ஒருவரும் இல்லை. அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"போகட்டும் சார்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னொருத்தர் செய்யற தப்புல நான் எப்படி வயிறு வளர்க்கறது?"

ரோட்டில் கிடந்த எடைப் பலகைகளை அந்த அம்மாள் அப்போதுதான் கவனித்தார்.

"உண்மையிலேயே பாரம் கூடத்தானா சார்? போட்டுப் பார்த்தீங்களா?"

மீசைக்காரர் அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி எடைக் கருவியை அணைத்துவிட்டுத் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார்.

"எல்லா வண்டியிலயும் பாரம் கூடத்தான்மா. இவனுங்க ஒரு நாள்ல திருந்தற ஆளுங்க இல்ல, மறுபடியும் இதே வழியாத்தான் வருவானுங்க. நாளையிலேருந்து மத்தியானம் நாங்களும் உங்க கடைக்குள்ள மறைஞ்சு உட்கார்ந்து கண்காணிக்கணும். எங்களுக்கும் சேர்த்து உலை வைங்க!"