ஒழுகாத படகு

"என்ன அண்ணே, இன்னைக்கும் ஒழுகுதா?"

பக்கத்துப் படகிலிருந்து பேக்கரிக்காரர் கேட்டதில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. அதனால்தான் மருந்துக்கடைக்காரருக்கு வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. கரையை விட்டு இருபதடி போவதற்குள் படகில் கணுக்கால் அளவு தண்ணீர். பழைய பெயிண்ட் டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"லேசாத்தான். மரம் ஊறினா சரியாயிடும்."

"ஆமாமா, ஊறினா சரியாயிடும்" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு பேக்கரிக்காரர் துடுப்பைப் போட்டார். அவர் படகு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஆற்றில் வழுக்கிப் போனது. மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இரண்டும் ஒரே வயசு மரப்படகுகள். ஒரே ஆளிடம், ஒரே மாதத்தில் வாங்கியவை. தச்சரைக் கூப்பிடாமல் நம்ம கையாலேயே பார்த்துக்கொள்வோம் என்று இருவரும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் படகைத் திருப்பிக் கரைக்கு வந்து சேர்ந்தார். மனைவி துண்டோடும் சூடான டீயோடும் நின்றிருந்தாள்.

"விடுங்க, முதல்ல காலைத் துடைங்க. இன்னைக்கே அடைச்சிடலாம். நான் டப்பாவைப் பிடிச்சுக்கறேன்."

படகைக் கரையேற்றி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். அவர் கீழே மல்லாந்து படுத்து, பலகை இடுக்கில் இருந்த பஞ்சைக் கிளறி எடுத்தார். புதுப் பஞ்சைத் திணித்துத் தட்டினார். மேலே பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தங்கை வீட்டுக் கதை, எதிர்வீட்டுக் கதை எல்லாம் சொன்னாள். "உம்" கொட்டிக்கொண்டே அவர் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேக்கரிக்காரர் தூண்டிலைப் போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் வாங்கின அதே பட்டி, அதே பஞ்சு. பிரஷ்கூட அதேதான்" என்றார். "அந்தாளு படகு மட்டும் எப்படி ஒழுகாம இருக்கு?"

"அவர் பேச்சு நமக்கெதுக்கு?"

"இல்ல, மாவு பிசையற கைக்கு இருக்கற நேக்கு, மில்லி பார்த்து மருந்து ஊத்தற கைக்கு இல்லாமப் போச்சா?"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறும் ஒழுகியது. அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில். பேக்கரிக்காரர் மிச்சமிருந்த தன் பெயிண்டைக் கொண்டுவந்து, "இதை அடிச்சுப் பாருங்க அண்ணே" என்று கொடுத்தபோது, அதை ஆற்றிலேயே வீசிவிடலாமா என்றிருந்தது. வீசவில்லை. அடித்தார். அதுவும் ஒழுகியது.

அதிலிருந்து ரொட்டி வாசனை வந்தாலே அவருக்கு நெஞ்சைக் கரித்தது. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அந்தப் படகும் ஒழுகட்டும். அந்த மனுஷனும் டப்பாவால் தண்ணீர் மொள்ளட்டும். "என்ன தம்பி, ஒழுகுதா?" என்று நானும் தன்மையாகக் கேட்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம் கடைக் கதவில் 'உணவு இடைவேளை' அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, சின்னக் கத்தி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார்.

வெயிலில் துறை வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு படகுகளும் கரையில் மரக்கட்டைகளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. குனிந்து பேக்கரிக்காரரின் படகுக்கு அடியில் நுழைந்தார். பலகை இடுக்குகளை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல வேலைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், அவர் தன் படகில் செய்த வேலையும் இதே மாதிரிதான். கை கொஞ்சம் தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியின் முனையைப் பட்டியில் வைத்தார்.

சுரக், சுரக்.

அவர் இன்னும் அழுத்தவே இல்லை. சத்தம் வேறெங்கிருந்தோ வந்தது. தலையைத் திருப்பினார். பக்கத்தில், அவருடைய சொந்தப் படகின் மறுபுறம் யாரோ படுத்திருந்தார்கள். புதுப் பஞ்சு இழை இழையாக மணலில் விழுந்துகொண்டிருந்தது.

பொங்கி வந்தது அவருக்கு. அப்போ இதுதான் சங்கதி! 'அண்ணே, அண்ணே'ன்னு குழைஞ்சுட்டு, வாராவாரம் வந்து என் படகை நோண்டறானா?

"டேய், வெளியே வாடா!" என்று கத்திக்கொண்டே சுற்றி ஓடினார்.

கையில் கொண்டை ஊசியும் தலையெல்லாம் பஞ்சுமாக, மெதுவாக வெளியே வந்து உட்கார்ந்தாள் அவர் மனைவி.

அவர் கத்தியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் நல்லாத்தாங்க அடைச்சீங்க" என்றாள் தலையைக் குனிந்தபடி. "கரையைத் தாண்டறதுக்குள்ள தெரியற மாதிரி கொஞ்சமா எடுத்துட்டு, மேல பெயிண்டைத் தடவிடுவேன். எனக்குத் தண்ணியில தலை சுத்தும், கூட வர முடியாது. வாங்கின புதுசுல விடியக்காலம் போனா பொழுது சாய்ஞ்சாத்தான் வருவீங்க. வாரம் பூரா கடை, ஞாயித்துக்கிழமை இது. இந்தக் கட்டைக்கு இருக்கற கொடுப்பினை எனக்கு இல்லையேன்னு அவ்வளவு எரிச்சல். ஒழுகினாத்தான் நீங்க கரையில, என் பக்கத்துல உட்காருறீங்க."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"அப்போ… பேக்கரிக்காரர் படகு ஒழுகாததுக்கு…?"

"அவருக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையேங்க!"