எழுபதைத் தொட்டதும்

கஸ்பாருக்குக் கல்லீரலில் பாதியைத் தர, புருஷனில்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அவன் அக்கா அமலோற்பவம் எழுபது கிலோவுக்கு இறங்க வேண்டும். "அவசரப்படாதீங்க, மெல்லக் குறைங்க. அவருக்கு ஆறு மாசம் தாங்கும். எழுபதைத் தொட்டதும் வாங்க" என்றார் டாக்டர். தவக்காலம் முடிந்தும் அவளுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி முடியவில்லை. ஞாயிறுதோறும் பூசைக்குக் கிளம்புமுன் எடை மெஷினில் ஏறி நிற்பாள். வயிறு மறைக்கும், குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்வது தம்பிதான். எண்பத்தொன்று. எழுபத்தொன்பது. பிறகு நாலு மாதமாக, "அதே எழுபத்தாறுதான்க்கா." ரவிக்கை தொளதொளத்தது. "துணி நைஞ்சிருக்கும்" என்றான். அவள் டீயையும் விட்டாள். எட்டாவது மாதம், இந்த ஞாயிறு, அவனால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. வயிறு புடைத்து, கண்ணெல்லாம் மஞ்சள். அவளே மெஷினில் ஏறித் தலையைத் தாழ்த்தினாள். வயிறு மறைக்கவில்லை. முள் அறுபத்தேழில் நின்றது. இறங்கி, மறுபடி ஏறினாள். அறுபத்தேழு. கட்டிலிலிருந்து கஸ்பார் கேட்டான்: "அதே எழுபத்தாறுதானேக்கா? விடு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."