உட்காரச் சொன்னவர்

"எந்திரிக்க மாட்டேன். போ," என்றார் அப்பா, கண்ணைக்கூடத் திறக்காமல்.

குடல் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து இதே பதில்தான். டாக்டருக்கும் இதுதான், பிசியோதெரபி பெண்ணுக்கும் இதுதான். இப்போது சிஸ்டருக்கும் எனக்கும்.

சிஸ்டர் அவர் வயிற்றில் ஊசி போட்டு முடித்தார். ரத்தம் கட்டாமல் இருப்பதற்கான ஊசி. இரண்டு கால்களிலும் தொடை வரை இறுக்கமான வெள்ளை சாக்ஸ். அதுவும் அதற்குத்தான்.

"பெரியவரே, ஊசியும் சாக்ஸும் பாதி வேலைதான் பார்க்கும். மீதியை உங்க கால்தான் பார்க்கணும். இப்படியே படுத்துக் கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அந்தக் கட்டி நழுவி நுரையீரலுக்குப் போச்சுன்னா, அப்புறம் நாங்க ஓடி வந்தும் பிரயோஜனம் இல்ல."

"போனா போகட்டும் சிஸ்டர். படுத்த வாக்குலயே போயிடுறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவர். அந்தக் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு. முதலாளிக்கு மெத்தை வைத்த நாற்காலி உண்டு. கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளில்கூட ஒன்று காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். விற்கிறவர்கள் மட்டும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை இல்லையாம். கூட்டமே இல்லாத மத்தியானத்தில் யாராவது அலமாரியில் லேசாகச் சாய்ந்தால் போதும், முதலாளி கல்லாவிலிருந்து தொண்டையைச் செருமுவார். அத்தனை முதுகும் நிமிர்ந்துவிடும்.

அப்பாவின் கெண்டைக்கால் முழுக்க நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. அந்தக் கடையின் உபயம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அது அந்தக் கால்களின் உபயம்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு இவர் படுத்தே இருக்கிறது ரொம்ப ஆபத்தும்மா," என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அப்பாவுக்கோ தூக்கத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. இப்போது கட்டில், மெத்தை, மின்விசிறி எல்லாம் அமைந்திருக்கிறது. கேட்க ஆளில்லை என்று நினைத்தார். நாங்கள் வரிசையாக வந்து நிற்கிறோம்.

கையைப் பிடித்து இழுத்தேன். உதறினார்.

"உன் வயசுக்கு மேல நின்னுட்டேன் பாப்பா. என்னை நிக்க வைக்கிறதுல உங்களுக்கெல்லாம் அப்படி என்னதான் சந்தோஷமோ."

நறுக்கென்று ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்பா நின்றுகொண்டிருந்தார்.

எப்போது எழுந்தார் என்று நானும் பார்க்கவில்லை, சிஸ்டரும் பார்க்கவில்லை. தையல் போட்ட வயிற்றை ஒரு கை பிடித்திருந்தது. கையிலிருந்த ட்ரிப்ஸ் குழாய் விறைத்து நின்றது. ஆனால் ஆள் நேராக நின்றார், வெள்ளை சாக்ஸோடு.

முதலாளி பழப்பையோடு உள்ளே வந்தார்.

அப்பா நடந்து போய்ப் பையை வாங்கிக்கொண்டார். மூலைக்கு நடந்து, துண்டால் நாற்காலியைத் தட்டிச் சுத்தம் செய்தார். சிஸ்டர் ட்ரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். போகிற போக்கில் என் காதருகே, "யாரும்மா இவரு? முன்னாடியே வரச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை.

முதலாளி உட்காரவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நடிப்பு இல்லை.

"என்னப்பா நீ, இந்த உடம்போட நின்னுக்கிட்டு? உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல? படு. நல்லாகிற வரைக்கும் நீ தரையில காலே வைக்கக் கூடாது, ஆமா."

"சார், அவர் நடக்கணும்..." என்று ஆரம்பித்த சிஸ்டரை முதலாளி கையமர்த்தினார்.

என் பட்டமளிப்பு விழாவில்கூட அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததில்லை. படுத்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"கேட்டீங்கல்ல சிஸ்டர்? முதலாளியே சொல்லிட்டார்."

அவ்வளவுதான். இனி அந்த மனிதரை யார் வந்து எழுப்புவது?

முதலாளி கிளம்பியதும் பின்னாலேயே ஓடி வராந்தாவில் மறித்தேன். இவரிடம் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒன்றை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டால் உங்கள் கடை இடிந்தா விழுந்துவிடும்?

வாயில் வந்தது வேறு.

"சார், நாளைக்கும் வாங்க. ஆனா அப்பாவை உக்காரச் சொல்லிடாதீங்க. நிக்கச் சொல்லுங்க. இந்த வராந்தா கடைசி வரைக்கும் நடக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பார்."

என் இரண்டு கைகளும் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

முதலாளி ஒரு அடி பின்னால் நகர்ந்து, எதையோ மிதித்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார்.

"தையல்கூடப் பிரிக்கல. அதுக்குள்ள மனுஷனை நிக்க வைக்கணுங்கிற. பெத்த அப்பன் மேல கொஞ்சமாவது இரக்கம் வேணாமா? என்ன படிப்பும்மா படிச்சே நீ?"